லிப்ட் மெக்கானிக்கின் மறுதேர்வு

பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. எழுதப்போகிறவருக்கு வயது எழுபத்திரண்டு.

சமையலறை மேசையின் ஒரு பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார், மறுபக்கம் அவர் மனைவி. நடுவில் நாற்பது பக்க நோட்டு, கூர் சீவிய இரண்டு பென்சில், ஆறிக்கொண்டிருந்த தேநீர். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். காலண்டரின் மேல் ஒரு துண்டு தொங்கியது. பார்த்து எழுதுவதை முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் அவள் அனுமதித்ததில்லை. தாலி கட்டியவர் என்பதற்காகச் சட்டத்தைத் தளர்த்த முடியுமா?

"இன்னைக்கு என்ன கிழமை?"

அவர் துண்டைப் பார்த்தார். "குப்பை வண்டி வந்துச்சா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

"வந்திருந்தா திங்கள். நீ வண்டியப் பத்தி மட்டும் சொல்லு, கிழமைய நான் சொல்லிடறேன்."

"டாக்டர் ரூமுக்குக் குப்பை வண்டி வராதுங்க."

"வந்தா நல்லாத்தான் இருக்கும். அந்த மனுஷன் மேசை மேல எவ்வளவு பேப்பர்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாட நேரத்தில் சிரித்தால் பிள்ளைகள் தலைமேல் ஏறிவிடுவார்கள் என்பதால் நோட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதுவே பெயராகி, கட்டிடத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

"சரி, மூணு வார்த்தை சொல்லுங்க."

"குடை, ஆரஞ்சு, ஏணி."

பட்டென்று வந்தது. முதல் மாதம் குடையோடு நின்றார். இரண்டாம் மாதம் ஆரஞ்சு சேர்ந்தது. போன வாரம் ஏணியும் வந்துவிட்டது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதைத் தவிர வேறு கல்விக் கொள்கை எதுவும் டீச்சருக்குக் கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்னால், ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதென்று அவர் தெருமுனைக் கிளினிக்குக்குப் போனார். சலவைக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடம். பதினாறு வருடமாக இந்தக் குடும்பத்துக்கு அங்கே இருப்பவர்தான் டாக்டர். முப்பது நாள் மாத்திரை பதினெட்டு நாளில் எப்படித் தீரும் என்று டாக்டர் கேட்டார். இவர் யோசித்துவிட்டு, "டப்பால ஓட்டை இருக்குமோ?" என்றார். டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே டீச்சரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவள் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு தாளை எடுத்துக் கேள்வி கேட்டார். இவர் வாங்கியது பத்தொன்பது.

"இத மட்டும் வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். ரத்தம் பார்க்கவேண்டும், தைராய்டு, வைட்டமின் பார்க்கவேண்டும், தலையை ஒரு ஸ்கேன் எடுக்கவேண்டும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் மனுஷன் கேட்டதை மறந்தவர்போல இருப்பார், அதையும் எடுக்கவேண்டும். "எல்லாம் முடிச்சிட்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி ஒரு தடவை பாப்போம். லிப்ட் ரூம் விஷயத்தையும் அப்ப முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் அங்க தனியா போகாதீங்க, சார்."

டீச்சரின் காதில் இரண்டே விஷயம் விழுந்தது. முப்பதுக்குப் பத்தொன்பது. மூன்று மாதம் கழித்து மறுபடி. அவளுக்கு அதன் பெயர் தெரியும்: மறுதேர்வு. அவள் வாழ்நாளெல்லாம் வீட்டில் டியூஷன் எடுத்தது முதல் தடவை தோற்ற பிள்ளைகளுக்குத்தான். அவளிடம் வந்த எவரும் இரண்டாவது தடவை தோற்றதில்லை. கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே, மூலை நாற்காலியில் கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டில் எழுதினாள். முப்பதில் இருபத்தாறு கேள்வி பிடிபட்டது.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், லிப்ட் ரூம் சாவிக்காகத்தான்.

ஆறு மாடிக் கட்டிடம். அவர்கள் குடியிருப்பது மூன்றாவதில். இருபத்தாறு வருடத்துக்கு முன் இந்த லிப்டைப் பொருத்திய குழுவில் இவரும் ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி மொட்டைமாடி மெஷின் ரூம் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கம்பெனி மெக்கானிக் மாதம் ஒருமுறை வருவார். மீதி நாளெல்லாம் 'லிப்ட் மாமா' பார்த்துக்கொள்வார். தினமும் காலை ஒன்பது மணிக்கு மாடி ஏறுவார். மோட்டார்மேல் உள்ளங்கையை வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிரேக் பிடிக்கும் சத்தத்தைக் கேட்பார். துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு இறங்கிவிடுவார். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவருடைய நாள் மாட்டப்பட்டிருந்தது. ஒரு முறை கால் சுளுக்கி ஒரு வாரம் மாடி ஏறவில்லை. அந்த வாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதத்தை டீச்சர் இன்னும் மறக்கவில்லை. வேறு ஊரிலிருக்கும் மகள் போனில், "அப்பா ஏம்மா பேசவே மாட்டேங்கறாரு?" என்று கேட்டாள். சாவி போனால் எல்லா வாரமும் அந்த வாரமாகிவிடும்.

டாக்டர் தனியாகப் போகவேண்டாம் என்றதால், டீச்சர் தினமும் கூடவே ஏறி, மெஷின் ரூம் வாசலில் நின்றாள். ஒரு நாள் மட்டும் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது லிப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளே இரண்டாம் மாடித் தையல்காரம்மா. மொட்டைமாடி மெஷின் ரூமில் மெயின் சுவிட்ச் இறக்கப்பட்டிருந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் மூச்சிரைக்க ஏறிப்போய்ச் சுவிட்சை ஏற்றினாள். இருபது நிமிடம் உள்ளே மாட்டியிருந்து வெளியே வந்த தையல்காரம்மாவிடம், "கரன்ட் போயிடுச்சும்மா," என்றாள். செக்ரட்டரியிடமும் அதையே சொன்னாள். வாழ்க்கையில் அவள் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இது மற்றதையெல்லாம்விடப் பெரியது.

வியாழக்கிழமை காலை கிளினிக்குக்குப் போகும் வழியில் நான்கு தடவை, "இன்னைக்கு வியாழன்," என்றாள். சலவைக் கடை வாசலில் ஐந்தாவது தடவை.

"டீச்சர், வெள்ளிக்கிழமைக்கே பொறாமை வந்துடும்," என்றார் அவர்.

கிளினிக்கில் சிஸ்டர் அவர் எடையைப் பார்த்துக்கொண்டே, "என்ன மாமா, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு?" என்றாள்.

"பரீட்சை இல்ல? கேள்வித்தாள் கஷ்டமா இருக்குமா சிஸ்டர்?"

டீச்சர் அவர் முழங்கையைக் கிள்ளினாள். சிஸ்டர் அவளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். கூட இருக்கிறவர் நிரப்பவேண்டியது. சாமான்களை வைத்த இடம் நினைவிருக்கிறதா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, பழகிய கருவிகளைக் கையாள்வதில் தடுமாற்றம் உண்டா என்று பதினாறு கேள்வி. பக்கத்தில் மூன்று கட்டம்: முன்னேற்றம், மாற்றம் இல்லை, மோசம். டீச்சர் 'மாற்றம் இல்லை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே வரிசையாகப் பதினாறு டிக் அடித்தாள். கேள்வியைப் படிக்காத மாணவன்தான் இப்படி ஒரே வரிசையில் அடிப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அடித்தாள்.

உள்ளே அவளுக்கு அதே மூலை நாற்காலி. டாக்டர் எடுத்தவுடனே தாளை எடுக்கவில்லை. ரத்தம், தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். காது இப்போது நன்றாகக் கேட்கிறதா என்று விசாரித்தார்.

"நல்லாவே கேக்குது. அதான் பிரச்சனை. முன்ன டீச்சர் சொல்றதுல பாதிதான் விழும்."

பிறகு பரீட்சை. வருடம் சொன்னார், மாதம் சொன்னார். கிழமை கேட்டபோது, "வியாழன்!" என்று மேசையைத் தட்டினார். டீச்சர் தொடையின்மேல் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்துக்கு ஐந்து.

"நல்லது. இப்ப நான் மூணு வார்த்தை சொல்றேன், சார். நல்லா கேட்டுக்கிட்டு..."

"குடை, ஆரஞ்சு, ஏணி."

டாக்டரின் பேனா தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

வெளியே சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிட்டு அடங்கியது. டீச்சரின் மடங்கிய விரல்கள் மடங்கியபடியே இருந்தன. டாக்டரிடம் வேறொரு கேள்வித்தாள் இருக்கும் என்று, இத்தனை வருடம் கேள்வித்தாளோடு குடும்பம் நடத்தியவளுக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

"அது போன தடவை, சார்," என்றார் டாக்டர், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல். "இப்ப வேற. மணி, தக்காளி, பாலம். எங்க, நீங்க சொல்லுங்க."

"மணி, தக்காளி, பாலம்."

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார், எழுபத்தொன்பதோடு நின்றார். ஒரு நிமிடத்தில் ஒன்பது மிருகங்களின் பெயர் சொன்னார், அதில் பூனை இரண்டு தடவை. பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார் டாக்டர். அவர் வரைந்த கடிகாரத்தைக் கடையில் வைத்து விற்கலாம். வட்டம் அவ்வளவு சுத்தம், பன்னிரண்டு எண்ணும் இடம் மாறாமல். முட்கள் மட்டும் நாலு இருபதைக் காட்டின. நோட்டில் மூன்று மாதமாக அவர் வரைந்துவந்த நாலு இருபது.

"கடைசியா, சார், நான் கொஞ்ச நேரம் முன்ன மூணு வார்த்தை சொன்னேனே?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரைப் பார்க்காமல் மூலை நாற்காலியைப் பார்த்து, மெல்லச் சிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோலச் சொன்னார். "குடை. ஆரஞ்சு. ஏணி."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைகளின் காது மடல் சிவப்பதைப் பார்த்திருக்கிறாள். அது எவ்வளவு சுடும் என்று இன்றுதான் தெரிந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "எத்தனை நாளா சொல்லிக் குடுத்தீங்க, டீச்சர்?"

"மூணு மாசம்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை பாடம் கெடையாது," என்றார் அவர். "அன்னைக்கு டெஸ்ட்."

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு டிக் அடித்த படிவத்தைக் கையில் எடுத்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. "இது அவருக்கு மார்க் போடற தாள் இல்ல, டீச்சர். வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியறதுக்கு இருக்கிற ஒரே ஜன்னல். அதையும் நீங்க சாத்திட்டா நான் எத வச்சுப் பாக்கறது?" படிவத்தை மேசைமேல் வைத்தார். "லிப்ட் ரூம்ல ஏதாவது நடந்துச்சா?"

டீச்சர் வாயைத் திறந்தாள்.

"தையல்காரம்மா உள்ள மாட்டிக்கிட்டது என்னாலதான், டாக்டர்," என்றார் அவர்.

டீச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"இவ கரன்ட் போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. கரன்ட் போனா மாடிப்படி லைட்டும் போகணும்ல? நான் இறங்கி வர்றப்ப எரிஞ்சுது. முப்பத்தஞ்சு வருஷம் இதத்தானே பாத்தேன்! எப்ப நடந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. சுவிட்ச இறக்கினது என் கைதான். அது கைக்குத் தெரியுது."

"தெரிஞ்சா ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னுதான் வருவேன். நீ நோட்ட விரிச்சு, பென்சில் சீவி வச்சிருப்ப." அவர் தன் இஸ்திரி போட்ட சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் ஃபெயிலானா எனக்கு ஒண்ணுமில்ல, டீச்சர். உன்கிட்டப் படிச்சவன் எவனும் ரெண்டாவது தடவை ஃபெயில் ஆனதில்லன்னு சொல்லுவியே. அந்த முதல் ஆளு நானாவா இருக்கணும்னு பாத்தேன்."

டீச்சர் எழுந்து வந்து அவர் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். மூலையில் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

"டாக்டர், நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார் அவர். "ஒரு லிப்ட் காரணமே இல்லாம ரெண்டு தடவை நின்னுச்சுன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? மொதல்ல கீழ வாசல்ல ஒரு போர்டு மாட்டுவோம். 'பழுது. ஏறாதீர்கள்.' அதுக்கப்புறம்தான் ஸ்பேனரயே எடுப்போம். போர்டு மாட்டறது லிப்ட அவமானப்படுத்த இல்ல. ஏறப் போறவனுக்காக. போர்டு மாட்டாம வேலை பாக்கறவன் மெக்கானிக்கே இல்ல." மூச்சு வாங்கினார். "எனக்கு என்னன்னு பேரச் சொல்லி எழுதிடுங்க. இவ என்னைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டே இருக்கா. கை வலிக்கும்ல?"

டாக்டர் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, இருவருக்கும் எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தார். பூசி மெழுகாமல் சொன்னார். இது டிமென்ஷியா, மறதி நோய். ஆரம்பக் கட்டம். ஸ்கேனும் அதோடு ஒத்துப்போகிறது. ஒரு மாத்திரை இருக்கிறது. சிலருக்குக் கொஞ்ச காலம் வேகத்தைக் குறைக்கும், திரும்பக் கொண்டுவராது. நரம்பு மருத்துவர் ஒருவரிடமும் ஒரு தடவை காட்டிவிடலாம். அவருடைய பணம், வீடு, பின்னால் தனக்கு என்ன வைத்தியம் வேண்டும், வேண்டாம் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்ல முடிகிற இப்போதே அவர் வாயாலேயே சொல்லி எழுதிவைப்பது நல்லது. மகளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லவேண்டும்.

"இன்னைக்கே எல்லாம் செய்யணும்னு இல்ல. நான் எங்கயும் போகல, தெருமுனையிலதான் இருக்கேன்," என்றார்.

டீச்சர் மடியில் இருந்த கைப்பைக்குள் தெரிந்த பாட நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு மாசம் வீணாக்கிட்டேன், டாக்டர்."

"வீணா? மூணு மாசம் திரும்பத் திரும்பச் சொன்னது அவருக்குள்ள இறங்கியிருக்கு, பாத்தீங்கல்ல. இன்னைக்குப் புதுசா சொன்னது தங்கல. தினமும் கேட்டது தங்கிடுச்சு. ஆனா தங்கினது என்ன? குடையும் ஏணியும். அத வச்சு அவர் என்ன செய்வாரு? பாடத்த மாத்துங்க. மாத்திரை போட்டாச்சான்னு சந்தேகம் வந்தா டப்பாவத் தொறந்து பாக்கணும். இந்த மாசம் பூரா அது ஒண்ணே ஒண்ணு. தப்பா சொல்ல விட்டுத் திருத்தாதீங்க. விடைய நீங்களே சொல்லிக் குடுத்துத் திரும்பச் சொல்ல வைங்க."

"விடையவேவா?" டீச்சருக்கு அது ஏறவில்லை.

"விடையவேதான். இது பரீட்சை இல்ல."

அப்புறம் டாக்டர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். ரத்த அழுத்தக் கருவியை எடுத்து, அவருடைய கையை விட்டுவிட்டு, டீச்சரின் கையில் சுற்றினார். காற்று ஏறி இறங்கியது. நூற்றி எழுபத்தெட்டு.

"எப்ப கடைசியா பாத்தீங்க?"

அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"பாத்தீங்களா டாக்டர்," என்றார் அவர், "இப்ப யாருக்கு மறதி?"

டீச்சர் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுததால் எது எதிலிருந்து ஆரம்பித்தது என்று சொல்வது கஷ்டம். சிஸ்டர் கதவை இரண்டு விரல்கடை திறந்து பார்த்துவிட்டு மூடினாள். வெளியே காத்திருந்தவர்களிடம், "இன்னும் பத்து நிமிஷம்," என்று அவள் சொல்வது கேட்டது.

மறுநாள் டீச்சர் இரண்டாம் மாடிக்கு இறங்கிப்போய்த் தையல்காரம்மாவின் கதவைத் தட்டினாள். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் வாசலிலேயே மறந்துபோய்விட, "அன்னைக்குக் கரன்ட் போகல," என்று மட்டும் சொல்லி நின்றாள். பிறகு மீதியைச் சொன்னாள். அந்த நோயின் பெயரையும் சொன்னாள். வெளியாளிடம் முதல் தடவையாக.

தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை மடியிலிருந்து எடுத்து வைத்தாள். "டீச்சர், ஃபோன்ல சார்ஜ் இல்ல, யாரும் கூப்பிடல, ரவிக்கை எப்ப வரும்னு யாரும் கேக்கல. இருபது நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். பத்து வருஷத்துல எனக்குக் கெடச்ச லீவே அதுதான்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "மாமாவ மத்தியானம் இங்க அனுப்புங்க. இந்த மிஷின் ஒரு மாசமா முக்குது. பக்கத்துல நான் இருப்பேன். நீங்க கொஞ்சம் படுங்க."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேர் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். செக்ரட்டரி முன்னால், அவர் நடுவில், டீச்சர் பின்னால். மெஷின் ரூம் வாசலில் அவர் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிச் செக்ரட்டரியின் உள்ளங்கையில் வைத்தார்.

செக்ரட்டரிக்குக் கை கூசியது. "இருக்கட்டுமே மாமா. உங்ககிட்ட இருந்தா என்ன?"

"உங்ககிட்ட இருக்கட்டும், தம்பி. எனக்கு ஆசை வந்தா உங்க கதவத் தட்டறேன். ரெண்டு பேருமா வருவோம்."

"திங்கக்கிழமை கம்பெனி ஆள் வர்றாரு. அப்பவும் நீங்க வரணும். அவருக்கு இந்த மெஷினப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"அதுக்குத்தான் எழுதிக் குடுக்கப் போறேன்." அவர் உள்ளே போய், ஒரு ஸ்டூலை இழுத்து டீச்சருக்குப் போட்டார். "உக்காரு. நான் சொல்லச் சொல்ல எழுது. நடுவுல கேள்வி கேக்கக் கூடாது."

டீச்சர் வாங்கி வந்திருந்த புது நோட்டை விரித்தாள். செக்ரட்டரி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

அவர் மோட்டார்மேல் கையை வைத்தபடி சொல்ல ஆரம்பித்தார். மூணாம் மாடிக் கதவு மழைக்காலத்துல மெதுவாத்தான் மூடும். அது பழுது இல்ல, கதவு ஓடற அடிக் காடியில தூசி ஊறிப் பிடிக்குது, பிரஷ் போட்டாப் போதும். அஞ்சாம் மாடிப் பட்டன ரெண்டு தடவை அமுக்கறாங்கன்னா உள்ள சுருள் தளர்ந்திருக்கு. பிரேக் பிடிக்கிறப்ப 'டக்'குன்னு கேக்கணும். 'டக்-டக்'னு கேட்டா அன்னைக்கே லிப்ட நிறுத்திடணும். யாரு கெஞ்சினாலும் சரி, வீடு மாத்தறவன் சாமானோட நின்னாலும் சரி. டீச்சரின் பேனா நிற்கவே இல்லை. நான்கு பக்கம் நிரம்பியது. வார்த்தைகள் ஒன்றின் பின் ஒன்றாக, வரிசை பிசகாமல் வந்தன. நேற்று மத்தியானம் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் விழிக்கிற மனுஷன்தானா இவர் என்று செக்ரட்டரி டீச்சரைப் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது, வருஷத்துக்கு ரெண்டு தடவை, அந்த..." அவர் நின்றார். கையைக் காற்றில் மேலும் கீழும் அசைத்தார். "அந்த இது. லிப்ட் மேல போனா அது கீழ வருமே..."

செக்ரட்டரி அவர் கை போன திசையில் மேலும் கீழும் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

'யோசிங்க' என்ற வார்த்தை டீச்சரின் நுனிநாக்குவரை வந்தது. முப்பத்தெட்டு வருடம் ஆயிரம் பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தை. அதை விழுங்கினாள். விடையைச் சொல்லிக் கொடுக்கலாமென்றால், அதன் பெயர் அவளுக்கும் தெரியாது. இருபத்தாறு வருடம் அதற்குக் கீழே குடியிருந்தும் தெரியாது.

"எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"கனமா. இரும்புப் பாளமா அடுக்கியிருக்கும். இந்தக் கயித்தோட அந்த முனையில தொங்கும். லிப்ட்ல ஆள் ஏறினாலும் இறங்கினாலும் மோட்டாருக்குப் பாரம் தெரியாமப் பாத்துக்கும். அது இல்லேன்னா இந்த மோட்டார் ஒரு நாள்கூடத் தாங்காது."

அவள் எழுதினாள்: 'கயிற்றின் அந்த முனையில் தொங்குவது. கனமாக இருக்கும். மோட்டாருக்குப் பாரம் தெரியாமல் பார்த்துக்கொள்ளும். வருஷத்துக்கு இரண்டு தடவை.'

"ரெண்டு தடவை என்ன செய்யணுங்க?"

"போல்ட் எல்லாம் இறுகியிருக்கான்னு பாக்கணும். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

அவர் குனிந்து நோட்டை எட்டிப் பார்த்தார். உதடு அசைய ஒரு தடவை படித்தார். "இதப் படிச்சா எவனுக்கும் புரியும்," என்றார். "அடுத்தது, கயிறு. கயித்துக்கு எண்ணெய் ரொம்பப் போடக் கூடாது. எழுது."

டீச்சர் பக்கத்தைத் திருப்பினாள்.